மாதாவுக்கு மூன்றரை சென்டிமீட்டர்

இரியா சல்கேய்ரு அமெரிக்காவுக்குக் கிளம்பியது ஆகஸ்ட் பதினாறாம் தேதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை. கிளம்பியது அப்பாவின் ரொட்டி வண்டியில்.

போர்ச்சுகலின் போர்த்து நகரிலிருந்து விமானம் மதியம் இரண்டு மணிக்கு. அதற்காகத் தங்கள் ஊர் முர்தேலாவில் நாற்பத்து மூன்று வீடுகள் காலையில் ரொட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்க முடியுமா என்று கேட்டார் அவள் அப்பா அல்பானு. ஒருநாள் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது என்றாள் அவர் மனைவி சுல்மீரா. அவர் அதைக் காதில் வாங்காமல் வண்டியைக் கிளப்பினார். முன்னிருக்கையில் சுல்மீரா, அவள் மடியில் ஒரு பை. பின்னால், சூடான ரொட்டிக் கூடைகளுக்கு நடுவே, இரண்டு முழங்காலும் காதுக்குப் பக்கத்தில் இருக்க மடங்கி உட்கார்ந்திருந்தாள் மகள். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ரொட்டிக்கென்று ஒரு துணிப்பை தொங்கும். வண்டி நின்றதும் இரியா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, இறங்காமலே பையில் ரொட்டியைப் போட்டாள். அவள் உதவிக்கு வருவதற்கு முன் அல்பானு வண்டியை விட்டு இறங்கி ஏறிச் செய்த வேலை அது.

"இவ போயிட்டா நான் மறுபடியும் இறங்கணும்," என்றார் அல்பானு.

"நேரா சொல்லுங்க, பொண்ணப் பிரிய மனசில்லன்னு," என்றாள் சுல்மீரா.

"முழங்கால் வலியப் பத்திப் பேசறேன்."

வீட்டுக்கு வீடு ஆள்கள் வெளியே வந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். ஒருவர் தொத்திறைச்சி, ஒருவர் ஜெபமாலை, கடைசி வீட்டுக்காரர் ஒரு குடை. அமெரிக்காவில் குடை கிடைக்காது என்று அவருக்கு யார் சொன்னார்களோ! சுல்மீராவின் மடியிலிருந்த பையில் மூன்று கிலோ பக்கல்யாவ், உப்பில் காய்ந்து பலகை மாதிரி விறைத்த கருவாடு.

"ரெண்டு நாள் தண்ணில ஊறணும். தண்ணிய மாத்திக்கிட்டே இருக்கணும். கேக்குதா?"

"தெரியும்மா."

"உனக்கு என்னடி தெரியும்? பந்து மட்டும்தான் தெரியும்."

விமான நிலையத்தில் அல்பானு அழவில்லை. கண்ணில் மாவு பட்டுவிட்டது என்று மூன்று தடவை சொன்னார். அன்று அவர் மாவைத் தொடவே இல்லை.

ஆனால் அன்று காலை, வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன், அவர் ஒரு முக்கியமான காரியம் செய்திருந்தார். மகளைச் செருப்பில்லாமல் கதவோரம் நிற்க வைத்து, உச்சியில் இருந்த கொண்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குதிகாலிலிருந்து உச்சிவரை ஒரு நூலால் அளந்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டார். நூற்று எண்பத்தேழு சென்டிமீட்டர். இவளுக்கு அமெரிக்கக் கல்லூரியில் கூடைப்பந்து ஆட இடம் கிடைத்தால், 'என் மகள் உயரத்துக்கு' ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக ஊர்ச் சிற்றாலயத்து மணல் மாதாவுக்கு அவர் நேர்ந்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, முடிச்சு அளவுக்கு மெழுகுவர்த்தி செய்து வாங்கி, சிற்றாலயத்தில் ஏற்றிவிட்டு வந்தார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தார்.

இரியா கூடைப்பந்துக்கு வந்ததற்குக் காரணமும் அந்த மாதா கோயில்தான். பன்னிரண்டு வயதில் திருவிழாப் பவனியில் அவளுக்குச் சம்மனசு, அதாவது தேவதூதர், வேஷம் கட்டினார்கள். மற்றச் சம்மனசுகள் எல்லாம் மாதாவின் பாதத்துக்குக் கீழே நடந்தன. இவள் மாதாவின் முகத்துக்கு நேராக நடந்தாள். இறக்கை போய்த் தெருவிளக்குத் தோரணத்தில் மாட்டியது. திரும்பிப் பார்க்காமல் அவள் பக்தியோடு நடக்க, தோரணமும் பின்னாலேயே வந்தது. பாதித் தெரு இருண்டு போனது. சிற்றாலயத்தைத் திறந்து மூடி மணியடிக்கும் கோயில்பிள்ளை அபீலியு, தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினார்:

"இந்தப் புள்ளையக் கூரை ஒசரமா இருக்கற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கய்யா!"

முர்தேலாவில் உயரமான கூரை விளையாட்டு மன்றத்துக்கு மட்டும்தான். அங்கே இரண்டு பக்கமும் கூடை தொங்கியது. அப்படித்தான் ஆரம்பித்தது. பதினாறு வயதில் மாவட்ட அணி. பதினெட்டில் யாரோ எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்து நெப்ராஸ்காவிலிருந்து ஹார்லன் க்ரீக் கல்லூரி கூப்பிட்டது. அவர்கள் அணிக்குப் பெயர் முள்ளம்பன்றிகள். கல்லூரிப் படிப்பும் சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. ஆனால் ஒரு வருஷத்துக்குத்தான். அந்த வருஷத்தில் ஆடிக் காட்டினால் அடுத்த வருஷம். இல்லாவிட்டால் வீடு.

அக்டோபரில் கல்லூரி தன் அணியின் பட்டியலை வெளியிட்டது. கித்தேரியாவின் காபிக்கடையில் எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள். இரியாவின் படம், பெயர், ஊர். உயரம்: ஆறு அடி மூன்று அங்குலம்.

"அடின்னா எவ்வளவு?" என்றார் அல்பானு.

"ஒரு ஆளோட பாதம்," என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர் நுர்பேர்த்து. ஊரில் யாருக்கும் தெரியாத விஷயங்கள் அவருக்குத்தான் தெரியும் என்பது அவர் எண்ணம்.

"யாரோட பாதம்?"

"எவனோ ஒரு ராஜாவோடது. என் பாதத்த வெச்சுப் பாருங்க, பெரிய வித்தியாசம் இருக்காது."

அவர் கழற்றிக் கொடுத்த ஷூவைத் தரையில் ஆறு தடவை வைத்து அளந்தார்கள். மூன்று அங்குலத்துக்குக் கட்டைவிரலை மூன்று தடவை வைத்தார்கள். ஒரு மீட்டர் எழுபதைத் தொடவில்லை. அல்பானுவின் முகம் வெளுத்துவிட்டது.

"கொறைஞ்சுட்டாளா? ரெண்டே மாசத்துல?"

"சாப்பாடு போடறதில்ல போல," என்றார் நுர்பேர்த்து.

"ரெண்டு கிழடும் கொஞ்சம் நகருங்க," என்று கித்தேரியா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "ஆறடி மூணு அங்குலம்னா நூத்துத் தொண்ணூறரை சென்டிமீட்டர். நுர்பேர்த்து, உங்க ஷூவ எடுங்க, இங்க மனுஷங்க சாப்பிடறாங்க."

நூற்றுத் தொண்ணூறரை. அல்பானு மனதுக்குள் கழித்துப் பார்த்தார். மூன்றரை சென்டிமீட்டர் கூட.

இந்த இடத்தில் அல்பானுவைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அளவு குறைந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஒருமுறை ஒரு ரொட்டி எடை குறைந்து போய்விட்டதைத் தாமதமாகக் கண்டுபிடித்தார். வாங்கிய அம்மாள் அதற்குள் லிஸ்பனில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் முழு ரொட்டி ஒன்றைத் தபாலில் அனுப்பினார். நாலு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தபோது அதைக் கதவு ஆடாமல் இருக்க முட்டாக வைத்தார்களாம். ஊர் எல்லையில் 'முர்தேலா 2 கி.மீ.' என்று பலகை இருந்தது. உண்மையில் இரண்டு புள்ளி மூன்று. அதற்காக ஆறு கடிதம் எழுதினார். மூன்றாம் வருஷம் பலகையை மாற்றினார்கள்.

அந்த ஞாயிறு மகள் போன் செய்தபோது அவர் நேராகவே கேட்டார்.

"இரியா, உண்மையச் சொல்லணும். அங்க போய் வளந்துட்டியா?"

மறுமுனையில் எங்கோ யாரோ பந்து தட்டிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"ஏம்ப்பா கேக்கறீங்க?"

"உன் காலேஜ்ல ஆறடி மூணுன்னு போட்டிருக்கான். நான் அளந்தது அது இல்லையே மகளே. அவன் தப்பாப் போட்டிருந்தா சொல்லு, ஒரு கடுதாசி போட்டுடறேன்."

"வேணாம்ப்பா! கடுதாசி எல்லாம் வேணாம்!" பந்துச் சத்தம்கூட நின்றுவிட்டது. "ஆமா... வளந்துட்டேன். கொஞ்சமா. இங்க பால் நெறையக் குடுக்கறாங்க."

"பத்தொம்பது வயசுல எந்தப் பொண்ணு வளருவா?" என்று அடுப்படியிலிருந்து சுல்மீரா கேட்டாள்.

"சோளம் வெளையற ஊரு. அங்க எல்லாம் வளரும்," என்றார் அல்பானு.

நவம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. சனிக்கிழமைகளில் நெப்ராஸ்காவில் மதியம் ஒரு மணி ஆட்டம் என்றால் இங்கே மாலை ஏழு. கித்தேரியா கடை டிவியில் போட்டுவிடுவாள். ஊரே வந்து உட்காரும். முதல் ஆட்டத்தில் இரியா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவதில் பெஞ்சில். மூன்றாவதில் எழுந்து நின்றாள். கடையே எழுந்து நின்றது. அவள் பக்கத்தில் இருந்தவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"தண்ணி குடுக்கறதுக்கு இவ்வளவு தூரம் போகணுமா? எங்கிட்டயே வேலைக்கு வந்திருக்கலாம்," என்றாள் கித்தேரியா.

பத்து ஆட்டம் இப்படிப் போனது. பயிற்சியாளர் அம்மாவுக்கு இரியாவின் எறி பிடிக்கவில்லை. "சுவத்துல ஆணி அடிக்கற மாதிரி நேரா எறியறேனாம். வளைவே இல்லையாம்," என்று போனில் சொன்னாள். குரல் தேய்ந்திருந்தது. "பிப்ரவரிக்குள்ள ஆடலன்னா, அடுத்த வருஷம் என் எடத்த வேற பொண்ணுக்குக் குடுத்துடுவாங்கப்பா."

அல்பானுவுக்கு எறியில் என்ன குறை என்பது தெரியாது. மெழுகுவர்த்தியில் என்ன குறை என்பது தெரியும்.

"குடுத்தப்ப சரியாத்தானே இருந்துச்சு?" என்றார் நுர்பேர்த்து.

"என் மகள் உயரத்துக்குன்னு நேர்ந்தேன். எந்தத் தேதி உயரம்னு சொல்லலையே. இப்ப அவ உயரம் வேற."

சிற்றாலயத்துக்குப் போய் அபீலியுவிடம் முறையிட்டார். அபீலியு பூ ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாதா என்ன தையல்காரம்மாவா, அளவு நாடாவோட நிக்கறதுக்கு?"

"மூணரை சென்டிமீட்டர் கொறையுது அபீலியு."

"சரி, மூணரை சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு மெழுகுவத்தி ஏத்திட்டுப் போங்க. முடிஞ்சுது."

அல்பானு நிமிர்ந்தார். "ரொட்டி எடை கொறைஞ்சா நான் துண்டு ரொட்டியா குடுப்பேன்? முழு ரொட்டி குடுப்பேன். மாதாவுக்கு மட்டும் துண்டா?"

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. பக்கத்து நகரமான அவெய்ரோவில் மெழுகுக் கடையில் சொல்லிவைத்த புது மெழுகுவர்த்தி தயாராகியிருந்தது. நூற்றுத் தொண்ணூறரை சென்டிமீட்டர், கை மணிக்கட்டுப் பருமன். நூலில் புது முடிச்சுப் போட்டு அவரே அளந்து வாங்கினார். வாங்கியவர் நேராகக் கோயிலுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. வழியில் மாலைச் சுற்றுக்கான சோள ரொட்டியை ஏற்றிக்கொண்டார். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய முப்பது ரொட்டிகள், ஆவி பறக்கப் பறக்க. படுக்க வைக்க வேறு இடம் இல்லாததால் மெழுகுவர்த்தியை இரண்டு கூடைகளுக்கு மேல் பாலம் போல வைத்தார். சூடு போகக் கூடாதென்று வண்டிக் கதவை இறுக்கச் சாத்தினார்.

கோயில் வாசலில் கதவைத் திறந்தபோது பாலத்தின் நடுப்பகுதி கூடைகளுக்கு இடையே தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே எடுத்ததும் குளிரில் அப்படியே விறைத்துவிட்டது. அல்பானு அதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

அபீலியு கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "மாதா முன்னாடி வாழைப்பழம் ஏத்தச் சொல்றீங்களா?"

"அளவு சரியா இருக்கு. பாருங்க." வளைவோடு நூலைப் படிய வைத்து முடிச்சுவரை காட்டினார். மயிரிழை பிசகவில்லை.

"வளைவோட அளந்தா? நேரா அளந்தா அரை மீட்டர் கொறையும்!"

"ரொட்டி வளைஞ்சா எடை கொறையுமா ஐயா?"

அபீலியு மெழுகுவர்த்தியை வாங்கி நிறுத்திப் பார்த்தார். அது எந்தத் தாங்கியிலும் நிற்கவில்லை. கடைசியில் அளந்த நூலைக்கொண்டே அதை இரும்புக் கம்பியோடு கட்டினார்கள். சுடர் ஏறிய நுனி மாதாவைப் பார்க்காமல் அபீலியு நிற்கும் பக்கமாக வளைந்து நின்றது. அவர் வலப்பக்கம் நகர்ந்தார். முதல் சொட்டு அவர் ஷூவில் விழுந்தது.

"சம்மனசு வேஷத்துலேருந்தே உங்க குடும்பத்தால எனக்கு நிம்மதியில்ல," என்றார்.

அன்று மாலை ஏழு மணிக்கு அல்பானு கித்தேரியா கடையில் வந்து உட்கார்ந்தார். கையெல்லாம் மெழுகு. டிவியில் முள்ளம்பன்றிகள் ஓடி வந்தார்கள். என்ன ஆச்சரியம், வழக்கமாக ஆடும் ஐந்து பேரில் மூன்று பேர் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஆறாவது புட்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் நாலாவது ஆளும் ஆட்டத்துக்கு நடுவே உள்ளே ஓடினாள். பயிற்சியாளர் அம்மா பெஞ்சை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். வேறு யாரும் இல்லை. இரியா எழுந்தாள்.

"தண்ணி எடுக்கப் போறா," என்றார் நுர்பேர்த்து.

தண்ணீர் எடுக்கப் போகவில்லை. களத்துக்குள் போனாள். சுல்மீரா மேசைவிரிப்பைக் கசக்கிப் பிடித்தாள்.

முதல் எறி நேராகப் போய் இரும்பு வளையத்தில் அடித்து, ஓரத்தில் முள்ளம்பன்றி வேஷத்தில் ஆடிக்கொண்டிருந்தவர் தலையில் விழுந்தது. இரண்டாவதும் நேராக. பயிற்சியாளர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அல்பானு மேசைக்கு அடியில் விரலால் விரலை அளந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது பந்து அவள் கையை விட்டுக் கிளம்பி, டிவித் திரையை விட்டே மேலே போய்விட்டது.

"பந்து எங்க?" என்றாள் கித்தேரியா.

திரையில் ஆட்டக்காரிகள் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். கடையிலும் எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். பிறகு பந்து மேலேயிருந்து இறங்கி, வளையத்தைத் தொடாமல் வலைக்குள் விழுந்தது.

"வளைவு!" என்று அல்பானு நாற்காலி மேல் ஏறிவிட்டார். "பாத்தீங்களா வளைவ! அதே வளைவு!"

பதினாலு புள்ளி எடுத்தாள் அன்று. முள்ளம்பன்றிகள் பதினோரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். முர்தேலாவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு சதுக்கத்தைச் சுற்றி வந்தார்கள். அல்பானு ரொட்டி வண்டியில் முன்னால் போனார்.

மறுநாள் போனில் விஷயம் வெளிவந்தது. வெள்ளிக்கிழமை இரியா தோழிகளுக்கு பக்கல்யாவ் சமைத்துப் போட்டிருக்கிறாள்.

"எவ்வளவு நேரம் ஊற வெச்சே?" என்றாள் சுல்மீரா.

"ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு நாள்னு சொன்னேனேடி பாவி! உப்பு அப்படியே இருந்திருக்குமே! நீ மட்டும் எப்படித் தப்பிச்சே?"

"நான் வாயில வெச்சதுமே துப்பிட்டேன். அவங்கதான் போர்ச்சுகல் சாப்பாடு இப்படித்தான் இருக்கும்போலன்னு மரியாதைக்கு முழுசும் சாப்பிட்டுட்டாங்க."

சுல்மீரா கணவன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? உங்க மெழுகுவத்தி இல்ல. என் கருவாடு."

"ஆட வெச்சது கருவாடு. சரி. வளைவக் குடுத்தது யாரு?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் கேளுங்களேன்," என்றாள் இரியா. "நவம்பர்லேருந்து தெனமும் காலைல ஏணிய நிக்க வெச்சு, அதுக்கு மேல நானூறு பந்து எறிஞ்சு பழகினேன்."

அதை யாரும் காதில் வாங்கவில்லை. மெழுகுவர்த்தியா கருவாடா என்ற சண்டை ஈஸ்டர்வரை நடந்தது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. அபீலியு கருவாட்டுக் கட்சி.

அதன் பிறகு இரியா பெஞ்சில் அதிகம் உட்காரவில்லை. மார்ச்சில் அடுத்த வருஷத்துக்கான கடிதம் வந்தது. அல்பானு அதை ரொட்டி வண்டியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் பாதி சாலை தெரியாமல் ஓட்டினார். மூன்றாம் வருஷம் அவள் அணியில் நிரந்தரம். நாலாம் வருஷம் தலைவி. பெரிய சாம்பியன் பட்டம் எதுவும் முள்ளம்பன்றிகளுக்கு வரவில்லை. ஒருமுறை அரையிறுதிவரை போய், பேருந்து பழுதாகி, முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்து தோற்றார்கள். அவளுடைய உயரமான எறிக்கு அங்கே 'ஏணி' என்று பெயர் வைத்தார்கள். முர்தேலாவில் அதற்குப் பெயர் 'வாழைப்பழம்'. தானியங்களைப் பற்றிய படிப்பில் பட்டம் வாங்கினாள். கோதுமையில் எத்தனை வகை என்று அப்பாவுக்கு அவள் சொல்ல ஆரம்பித்தபோது, முதல்முறையாக அல்பானு மகளை வாய் திறந்தபடி கேட்டார்.

படிப்பு முடிந்ததும் போலந்தில் ஒரு சிறிய ஊரின் கிளப் அவளை எடுத்துக்கொண்டது. அவள் அங்கே போய்ச் சேர்ந்த வாரம், செப்டம்பரில் ஒரு காலை, அல்பானு பத்தொன்பதாவது வீட்டு வாசலில் இறங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டு துணிப்பையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. சாலையோரமாகவே நின்று, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார்:

"அப்பா, இன்னைக்கு கிளப் டாக்டர் செருப்பக் கழட்டச் சொல்லி, கொண்டையப் பிரிக்கச் சொல்லி அளந்தார். மூணு தடவ. 187. நான் அமெரிக்கால வளரவே இல்லப்பா. அந்தக் காலேஜ் ஃபாரத்துல ஆறடி மூணுன்னு எழுதினது நான்தான். அங்க எல்லாரும் கூட்டித்தான் எழுதுவாங்கன்னு சொன்னாங்க, நானும் எழுதிட்டேன். நீங்க கேட்டப்ப உண்மையச் சொல்லியிருந்தா நீங்க காலேஜுக்குக் கடுதாசி போட்டிருப்பீங்க, நான் அடுத்த விமானத்துல வீட்டுக்கு வந்திருப்பேன். மன்னிச்சிடுங்க. உங்க மொத மெழுகுவத்தி சரியான அளவுதான். மாதாவுக்கு நீங்க ஒரு நாளும் கொறைச்சுக் குடுக்கல. கூடப் போனத திருப்பித் தரச் சொல்லி அபீலியு மாமாவப் போய்க் கேக்காதீங்க. அப்புறம் இன்னொண்ணு. சாயங்காலம் இந்த கிளப் பட்டியல் வெளிவரும். அதுல என் உயரம் 192ன்னு இருக்கும். சத்தியமா இந்தத் தடவ நான் எழுதலப்பா. அதப் பாத்துட்டு தயவுசெஞ்சு மெழுகுக் கடைக்குப் போயிடாதீங்க."